முறுக்கிவிட்டால் பறக்கும் 20 கிராம்: இறப்பர் விமானப் பொதி மலையகத்துக்குச் சரிவருமா?

ஒன்லைன் கடைகளில் 'இறப்பர் பேண்ட் விமானம்' என்று தேடினால் வரும் நீளமான மட்டைப் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெட்டியில் நிறுவனப் பெயர் இருக்காது. நீல வானத்தில் பறக்கும் ஒரு விமானத்தின் படம் மட்டும் இருக்கும். தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் பொறியியலையும் கையால் தொட்டுப் படிப்பிக்க, இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடைப்பது கஷ்டம். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வழிகாட்டித் தாளை அப்படியே பின்பற்றினால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு விழும், பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் சலித்துவிடுவார்கள். சாமானுக்கு ஐந்தில் நான்கு புள்ளி, தாளுக்கு ஒன்று.

உள்ளே வருவது இவ்வளவுதான்: ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் நீளமான மரக்குச்சி ஒன்று, இறக்கைக்கும் வாலுக்கும் மெல்லிய மூங்கில் அல்லது மரச் சட்டங்கள், அவற்றைப் பொருத்தும் பிளாஸ்டிக் மூட்டுகள், அச்சடித்த இறக்கைக் கடதாசி, மூக்கில் சுழலும் பிளாஸ்டிக் விசிறி (புரொப்பெல்லர்), பின்கொக்கி, 1 மில்லிமீற்றர் சதுர இறப்பர் நூல் ஒரு சுருள், இருபக்க டேப். ஒட்டி முடித்தால் இறக்கை முனைக்கு முனை 46 சென்ரிமீற்றர் வரும், மொத்தம் 20 கிராமுக்கு முன்பின் நிறுக்கும். பெட்டிக்குப் பெட்டி 3, 4 கிராம் வித்தியாசம் வருவது சகஜம். குச்சியின் மரம்தான் அதற்குக் காரணம். நகைக்கடைகளில் வைத்திருக்கும் மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பத்துப் பெட்டிக் குச்சிகளையும் முதலில் நிறுத்து, பாரத்தின்படி வரிசைப்படுத்தி வைப்பது நல்லது. பாரமான குச்சி கெட்ட குச்சி என்று நினைக்க வேண்டாம். அது வளையாது. அதன் அருமை பிறகு தெரியும்.

இந்த அளவுகள் தற்செயலாக வந்தவை கிடையாது. 1871 ஆகஸ்ட் மாதம் பாரிஸின் துய்லெரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் பறக்கவிட்ட விமானமும் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் இறக்கையும் 16 கிராம் பாரமும் கொண்டதுதான். முறுக்கிய இறப்பரின் பலத்தில் அது 11 செக்கன் பறந்தது. ரைட் சகோதரர்களுக்குச் சிறுவயதில், 1878-ல், தகப்பனார் வாங்கிக்கொடுத்த விளையாட்டுச் சாமானும் பெனோவின் இறப்பர் முறையில் செய்த ஹெலிகொப்டர்தான். முதல் பாடத்தில் இதைச் சொல்லி, 11 செக்கனைப் பலகையில் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தைத் தாண்டுவதுதான் வகுப்பின் இலக்கு.

ஒட்டும் வேலைக்குத் தாள் சொல்லும் நேரம் 40 நிமிடம். மலைநாட்டில் இரண்டு நாள் வையுங்கள். பெட்டியோடு வரும் இருபக்க டேப் பனிமூட்டமான பின்னேரத்தில் பிடிக்காது. ஒட்டின மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் கடதாசி சட்டத்தை விட்டு எழும்பி நிற்கும். டேப்பை எறிந்துவிட்டு பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) ஒட்டுங்கள். மூன்று பங்கு கம்முக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, தீக்குச்சி முனையால் சட்டத்தின் மேல் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். துளித்துளியாக வைத்தால் வாலில் மட்டும் 1 கிராம் ஏறிவிடும். வாலில் ஏறும் 1 கிராமைச் சமன் செய்ய மூக்கில் அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டி வரும், ஏனென்றால் இறக்கையிலிருந்து வால் தூரம், மூக்கு கிட்ட. விசையின் திருப்பம் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர முடியாது. கம் காய ஒரு இரவு விடுங்கள். நுவரெலியாவில் ஜனவரி இரவுக் குளிரில் கம் சரியாக இறுகாது, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வையுங்கள். நெருப்புக்கு நேரே காட்டினால் சட்டம் முறுகும். சுப்பர் குளூ ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஆசிரியர் மட்டும் மூட்டுகளுக்குப் பாவிக்கலாம்.

கடதாசி இறக்கைதான் இந்தப் பொதியின் பெரிய பலவீனம். காலையில் தோல்மேளம் மாதிரி விறைப்பாக இருந்த இறக்கை, தேயிலை மலையில் மூட்டம் இறங்கியதும் தொய்ந்து, சட்டத்தையும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திருகிவிடும். கண்டுபிடிப்பது லேசு. விமானத்தின் வால் பக்கம் நின்று, கண்ணுக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தை நோக்கி இரண்டு இறக்கையின் பின்விளிம்புகளையும் பாருங்கள். ஒரு பக்கம் 2 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பின்விளிம்பு தாழ்ந்த பக்கம் எழும்பும், விமானம் மறுபக்கம் சாய்ந்து சுழன்று விழும். கேத்தல் ஆவியில் அரை நிமிடம் காட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே திருகி, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் நேராகும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கடதாசியைக் கழற்றிவிட்டு மெல்லிய பொலித்தீன் ஒட்டுங்கள். 20 மைக்ரோன் பொலித்தீன் ஒரு முழு இறக்கைக்கு 1 கிராமுக்கும் குறைவு, ஈரம் அதை ஒன்றும் செய்யாது. வெசாக் காலத்தில் கடைகளில் குவியும், வெசாக் கூடு கட்டும் டிசுக் கடதாசி அழகாக இருக்கும், இலேசு. ஆனால் மழைக்காலத்தில் அதுவும் தொய்யும்.

உயரத்தைப் பற்றித் தாளில் ஒரு வரி கூட இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஹட்டனில் ஏறத்தாழ 12 சதவீதம். அதே 20 கிராமைத் தாங்க இறக்கை இன்னும் வேகமாகக் காற்றைக் கிழிக்க வேண்டும். கணக்குப் போட்டால் கொழும்பில் செக்கனுக்கு 3.2 மீற்றர் போதுமான விமானத்துக்கு நுவரெலியாவில் 3.5 மீற்றர் தேவை. அதனால் எறிதல் சற்று உறுதியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். காற்று மெலிந்திருக்கிறது, ஆகவே பலம் வேண்டும் என்று இறப்பரைத் தடிப்பாக்குவார்கள். தேவையில்லை. மெலிந்த காற்றில் விசிறிக்குத் தடையும் குறைவு, அது கூடுதல் வேகத்தில் சுற்றி அதே உந்துவிசையைத் தந்துவிடும். ஒரே நட்டம், இறப்பர் சீக்கிரம் அவிழ்ந்து தீர்ந்துவிடும். எனவே இறப்பரை நீளமாக்குங்கள். பெட்டியின் படத்தில் 30 சென்ரிமீற்றர் வளையம் என்றிருந்தால் 34 ஆக்குங்கள், இழை எண்ணிக்கை 6 ஆகவே இருக்கட்டும்.

இனி முக்கியமான வேலை, பறக்கவிட்டுத் திருத்துவது. இந்தப் பொதியின் பெறுமதி முழுவதும் இதில்தான் இருக்கிறது. தாளில் இதற்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு படம்.

முதல் நாள் இறப்பரை மாட்டிவையுங்கள், ஆனால் முறுக்காதீர்கள். இறப்பரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் ஈர்ப்பு மையம் மாறிவிடும், அந்தச் சோதனையால் பயனில்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் கிடையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் களிமண் ஒட்டாதீர்கள், குச்சியின் மேல் இறக்கையை நகர்த்துங்கள். பிறகு காற்றில்லாத நேரத்தில், முடிந்தால் பாடசாலை மண்டபத்துக்குள், தோள் உயரத்திலிருந்து 10 மீற்றர் தூரத்துத் தரையைப் பார்த்து மெல்ல விடுங்கள். வீசக் கூடாது, தள்ளிவிட வேண்டும். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து 6 முதல் 9 மீற்றர் வரை மிதந்து போனால் நல்ல விமானம். மூக்கைக் குத்தினால் இறக்கையை 3 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளுங்கள். எழும்பி, ஒரு கணம் நின்று, சரிந்து, மறுபடி எழும்பினால் 3 மில்லிமீற்றர் பின்னுக்கு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், அதைக் கொப்பியில் எழுத வேண்டும். இறக்கையையும் வாலையும் ஒரே நேரத்தில் தொடும் பிள்ளை எது சரிசெய்தது என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்காது. இந்த ஒழுங்கைப் பழக்குவதுதான் விஞ்ஞானம் படிப்பிப்பது.

எழும்பி நின்று சரிவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சேர், இது ஏன் நடுவானத்தில நிக்குது?" என்பது. இறக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்தால் மேற்பரப்பில் ஓடும் காற்று ஒட்டிக்கொண்டு போகாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை சட்டென்று குறையும். ஒரு துண்டுத் தையல் நூலை இறக்கையின் மேல் ஒட்டிவிட்டு மின்விசிறியின் முன் பிடித்து மெதுவாக நிமிர்த்திக் காட்டுங்கள். ஓரளவு வரை நூல் படிந்து கிடக்கும், பிறகு துடித்துப் பின்னிருந்து முன்னுக்கு மடியும். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

வழிகாட்டித் தாளில் ஒரு பிழையான பாடமும் இருக்கிறது. இறக்கையின் மேற்பக்கத்துப் பாதை நீளம், அதனால் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேகமாக ஓடுகிறது என்று போட்டிருக்கிறார்கள். அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை, உண்மையில் மேற்காற்று முந்திக்கொண்டு போய்விடும். வளைவே இல்லாத தட்டையான ரெஜிபோம் (வெள்ளை நுரைத்தட்டு) இறக்கையைப் போட்டுப் பறக்கவிட்டுக் காட்டினால் இந்த விளக்கம் அந்த இடத்திலேயே உடையும். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து தொடங்குங்கள். அமுக்க வித்தியாசம் அதே விஷயத்தின் மறுபக்கம்.

மிதப்பு சரிவந்த பிறகுதான் முறுக்கு. முதலில் 80 சுற்று. நேராகவோ இலேசாக இடப்பக்கம் திரும்பியோ போனால் 150, பிறகு 200, 250. பெட்டியோடு வரும் இறப்பரை 300-க்கு மேல் முறுக்க வேண்டாம். முறுக்கும்போது இறப்பரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கயிறு மாதிரி சும்மா பின்னும். பிறகு ஒரு இடத்தில் சின்ன முடிச்சு ஒன்று துள்ளி எழும், அடுத்தடுத்து முடிச்சுகள் வரிசையாக வந்து நீளம் முழுக்க நிறையும். அதற்கு மேலும் முறுக்கினால் முடிச்சுகளின் மேல் இரண்டாவது வரிசை முடிச்சு ஏறும். உராய்வைக் குறைக்கப் பார்மசிக் கிளிசரினில் கொஞ்சம் சவர்க்காரத்தைக் கரைத்துப் பூசினால் முடிச்சுகள் சீராக ஏறும், இறப்பர் அறுவதும் குறையும். ஆமணக்கெண்ணெயும் சரி. தேங்காய் எண்ணெயும் வசிலினும் பூசக் கூடாது, இறப்பரை ஊதவைத்துப் பழுதாக்கிவிடும். கண்ணாடி போடாமல் யாரும் முறுக்க வேண்டாம். அறுந்த இறப்பர் முகத்துக்குத்தான் வரும்.

விசிறி பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால் உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். கொஞ்சம் சாய்வது நல்லது, வட்டமிட்டு ஏறும். அளவுக்கு மிஞ்சினால் விசிறியின் தாங்கிக்கும் குச்சிக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, விசிறியின் முகத்தை 2 பாகை வலப்பக்கம் திருப்புங்கள். தாங்கி குச்சியில் தளர்வாக ஆடுவது இந்தப் பொதிகளில் அடிக்கடி காணும் குறை, அதையும் இந்தக் கடதாசியே தீர்த்துவிடும்.

இன்னொரு விசித்திரமான குறை: 80 சுற்றில் அழகாகப் பறக்கும் விமானம் 250 சுற்றில் எறிந்தவுடனே தரையைக் குத்தி, அதையும் தப்பினால் பாதி வழியில் தலை நிமிரும். எல்லாரும் இறக்கையை நகர்த்தத் தொடங்குவார்கள். குற்றம் குச்சியில். கீழே கட்டியிருக்கும் இறப்பர் முழு முறுக்கில் இரு நுனிகளையும் இழுக்க, குச்சி வில் மாதிரி மேல்நோக்கிக் குவிந்து, வாலின் கோணத்தை மாற்றிவிடுகிறது. இறப்பர் அவிழ அவிழக் குச்சி நேராகிறது. முறுக்கிய நிலையில் குச்சியோடு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். குச்சியின் மேல் ஒரு மூங்கில் ஈர்க்கை பைண்டர் கம்மில் ஒட்டி, நாலைந்து இடத்தில் தையல் நூலால் சுற்றிக் கட்டினால் தீரும். கூடும் பாரம் 1 கிராம். ஆரம்பத்திலேயே பாரமான குச்சி கிடைத்தவர்களுக்கு இந்த வேலை இல்லை.

கணக்குப் பாடத்துக்கும் இதில் நிறைய இருக்கிறது. 20 கிராம் விமானம் 10 மீற்றர் ஏறினால் செய்த வேலை ஏறத்தாழ 2 ஜூல். நல்ல இறப்பர் 1 கிராமில் 8, 9 ஜூல் வரை சேமிக்கலாம். மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். இறப்பரை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுக்கச் சொன்னால் சூடு தெரியும், விட்டால் குளிரும். விடையில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது, இன்னொரு பங்கு விசிறி கலக்கிவிட்ட காற்றில். சுற்று எண்ணிக்கைக்கு எதிரே பறந்த நேரத்தை வரைபுத் தாளில் குறித்தால் இன்னொன்றும் தெரியும். குறைந்த சுற்றுகளில் நேரம் அவ்வளவாக ஏறாது, ஒரு எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக உயரும். நேர்மட்டமாகப் பறக்க வேண்டிய வலு கிடைக்கும்வரை விமானம் கொஞ்சம் நீண்ட மிதப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

சொற்களில் கவனம் வேண்டும். பெட்டித் தாள் தமிழில் இல்லை, அதனால் பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டு வீடியோக்களைத் தேடுவார்கள். அங்கே 'ஆற்றல்' என்பது நம் பாடப்புத்தகத்தில் 'சக்தி', அவர்களின் 'திறன்' நமக்கு 'வலு', 'அழுத்தம்' நமக்கு 'அமுக்கம்', 'முடுக்கம்' நமக்கு 'ஆர்முடுகல்'. எல்லாவற்றிலும் மோசமானது 'நிறை'. அங்கே அது கிலோகிராமில் அளப்பது, இங்கே நியூட்டனில் அளப்பது. க.பொ.த. சாதாரண தர வினாத்தாளில் புள்ளி போகும் இடம் இது. ஒரு பக்கத்தில் சொற்பட்டியல் எழுதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போட்டுக் கொடுங்கள்.

எங்கே, எப்போது விடுவது? ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் பெப்ரவரி, மார்ச் காலை 7 முதல் 9 மணி வரை. மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கத்தில் மழை. அதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் மழை குறைவு, ஆனால் காற்று 20 கிராமைக் கடதாசித் துண்டு போலத் தூக்கிக்கொண்டு போய்விடும், மண்டபத்துக்குள் செய்யுங்கள். சரிவில் நின்று கீழே விட்டு, "40 மீற்றர் பறந்தது" என்று குறிக்காதீர்கள். நிலம் கீழே இறங்கிப் போவதாலும் காற்று சரிவில் மோதி மேலெழுவதாலும் கிடைத்த தூரம் அது. குன்றின் மறைவுப் பக்கத்தில் காற்று கீழ்நோக்கிச் சுழலும், நல்ல விமானமும் விழும். கொழுந்து எடுப்பவர்கள் நிரையில் நிற்கும்போது மலைப் பக்கம் விடவே கூடாது. மின்கம்பியில் சிக்கிய விமானத்தை விட்டுவிடுங்கள்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகள் சப்த கன்னியர் மலையில் மோதிய விமானத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1974 டிசம்பர் 4 இரவு அந்த மலையில் 191 பேர் இறந்தார்கள். பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள், கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். இறக்கையோ எஞ்சினோ கைவிட்டதால் நடந்ததில்லை, தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து இருட்டில் கீழே இறக்கியதால் நடந்தது என்று நேராகச் சொல்லுங்கள். பறப்பது ஒரு கல்வி, வழி அறிவது இன்னொரு கல்வி என்பது அவர்களுக்குப் புரியும்.

வாங்கும்போது இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று கணக்கு வையுங்கள். தனியொரு பெட்டி எடுத்தால் கூரியர் செலவு கட்டுபடியாகாது, பத்தாக எடுங்கள். பத்துப் பெட்டிக்கு மேலதிகமாக 5 விசிறியும் 40 மீற்றர் இறப்பரும் வேண்டும். முதலில் உடைவது விசிறியின் முன்தாங்கி, முதலில் தீர்வது இறப்பர். தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இது வேண்டாம், கையால் எறியும் ஸ்பொஞ்ச் விமானம் போதும். அதில் திருத்துவதற்கு ஒன்றும் கிடையாது என்பதால் பெரிய வகுப்புக்கு அது போதாது. மோட்டர், பற்றரி, ரிமோட் வைத்த விமானத்தில் தொடங்க ஆசைப்படும் பாடசாலைகள் பொறுத்திருக்கட்டும். அது ஒரு தடவை விழுந்தால் அந்தத் தவணைக்கான காசு போய்விடும், பிறகு பிள்ளைகள் கையில் கொடுக்கவே ஆசிரியருக்கு மனம் வராது.

இரண்டாவது விமானத்தைப் பெட்டியில்லாமலே செய்யலாம். 3 மில்லிமீற்றர் ரெஜிபோம் தட்டில் 40க்கு 9 சென்ரிமீற்றர் இறக்கை, 16க்கு 6 கிடை வால், 6க்கு 6 நிலைக்குத்து வால், 30 சென்ரிமீற்றர் குச்சி. இறக்கையை நடுவில் கீறி, ஒவ்வொரு நுனியும் 3.5 சென்ரிமீற்றர் உயரும்படி மடித்து ஒட்டுங்கள். முன்விளிம்பு விசிறியிலிருந்து 8 சென்ரிமீற்றர் பின்னால் வரட்டும். விசிறி, தாங்கி, கொக்கி மட்டும் பழைய பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இறப்பரைப் பறக்கவிட்ட அன்றே கொக்கியிலிருந்து கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, வெளிச்சம் படாத டப்பாவில் போடுங்கள். ஜன்னலோரம் தொங்கவிட்டால் அடுத்த தவணை தொடங்கும்போது இழுத்த இடத்தில் அறும். புதிதாக வரும் சுருளையும் ஒரு முழம் எடுத்து ஐந்து மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே கடைக்காரருக்குத் திருப்பி அனுப்புங்கள்.